"விகடகவி" பாலின்ட்ரோம் சோதனையில் தோற்கிறது: க்ஷ-வை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. பைத்தான் நிரல்மொழியில், முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் (பாலின்ட்ரோம்) சொல்லான "விகடகவி"யின் முதல், கடைசி எழுத்துகளை ஒப்பிட்டால் ஃபால்ஸ் வருகிறது. நமக்கு 5 எழுத்து, இகரக் குறிகளைத் தனியாக எண்ணும் பைத்தானுக்கு 7. இன்டெக்ஸ் 0-இல் வெறும் "வ", -1-இல் இகரக் குறி மட்டும்.

முதலில் என்எஃப்சி நார்மலைஸ் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) செய்கிறேன். இல்லாவிட்டால் "கொ"வை ஒற்றைக் குறியாக அடித்ததும், கொம்பும் காலுமாகத் தனித்தனியே அடித்ததும் கண்ணுக்கு ஒன்றாகவும் ஒப்பீட்டில் வேறாகவும் இருக்கும். பிறகு யூனிகோடு கேட்டகரி (குறியீட்டு வகை) "எம்" எனத் தொடங்கும் குறிகளை, அதாவது உயிர்க்குறி, புள்ளி போன்றவற்றை, முந்தைய எழுத்தோடு ஒட்டி லிஸ்ட் ஆக்கினால் சரியாக 5 கிடைக்கிறது.

மாட்டிக்கொள்வது "க்ஷ"வில்தான். அது க், ஷ என்று இரண்டாகிறது. சேர்த்துவிடலாம், ஆனால் "ரிக்‌ஷா" என்று பிரித்து அடிப்பவர்கள் நடுவே கண்ணுக்குத் தெரியாத, எழுத்துகளைச் சேரவிடாத 200சி என்ற யூனிகோடு குறியீடு வைக்கிறார்கள், அது தனி எழுத்தாக எண்ணப்படுகிறது. ஒப்பிடும் முன் அதை நீக்குவதா, வைத்திருப்பதா? புதிதாகப் படிப்பவர்களுக்கான பயிற்சி இது. கூடுதல் பேக்கேஜ் இல்லாத வழி தெரிந்தால் சொல்லுங்கள்.