கசூதிப் புடவையைச் சேலத்தில் யார் சரிசெய்வார்கள்?

அம்மாவின் இல்கல் பட்டு (கர்நாடகப் புடவை வகை), 1994-ல் தார்வாடில் வாங்கியது. உடல் முழுக்கக் கசூதி, அதாவது அந்தப் பக்கத்துக் கை எம்பிராய்டரி: கோபுரம், தேர், பல்லக்கு. போன மாதம் பீரோ கொக்கியில் மாட்டி, ஒரு கோபுரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு நூல் அறுந்துவிட்டது. துணி கிழியவில்லை. ஆனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது.

செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை இரண்டிலும் கேட்டாயிற்று. எல்லாருக்கும் ஆரி வேலைதான் தெரியும். சங்கிலித் தையல் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். அது சேராது. கசூதியில் இழையை எண்ணித்தான் ஊசி போகும், முடிச்சே கிடையாது, அதில் ஒரு வகையான கவந்தித் தையல் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். நானே பழைய துணியில் பழகிப் பார்த்தேன், பின்பக்கம் சரியாக வரவில்லை. அம்மா புடவையில் கைவைக்க மனம் வரவில்லை.

இழை எண்ணிக் கசூதி போடத் தெரிந்தவர் சேலம், ஏற்காடு பக்கம் யாராவது இருக்கிறார்களா?