வணிகம், பணம், பொருளாதாரம்: நூலகத்துக்கு ஏற்ற நூல்களைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடி அருகே எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்காகத் தமிழ் நூற்பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறேன். நூலகங்கள் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூவி பகுப்பில் பொருளாதாரம், நிதி, மேலாண்மை ஆகியவற்றைக் குறிக்கும் 330, 332, 650 எண்களுக்குரிய அடுக்கில் இப்போது இருப்பவை பெரும்பாலும் போட்டித் தேர்வுக் கையேடுகளே. குறுவை நெல் சாகுபடிச் செலவுக்கு நகையை அடகு வைத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வந்த பிறகு திருப்பும் குடும்பங்களுக்கு, கூட்டு வட்டி எவ்வாறு ஏறுகிறது, குறைந்தபட்ச ஆதரவு விலை எதன் அடிப்படையில் முடிவாகிறது, ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டி வீதத்தை, உயர்த்தினால் கடன் ஏன் கனக்கிறது என்பவற்றைத் தெளிவாக விளக்கும் நூல்களே முதல் தேவை. கும்பகோணம் வங்கியும் (இன்றைய சிட்டி யூனியன் வங்கி) கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் பிறந்த 1904ஆம் ஆண்டையொட்டிய வட்டார வணிக வரலாறு கிடைத்தால் மகிழ்ச்சி. விரைவில் செல்வந்தராகும் வழி சொல்பவை வேண்டா. அவை கேட்காமலே வந்து சேர்கின்றன. நூலின் பெயருடன் ஆசிரியர், பதிப்பகம், இப்போது அச்சில் உள்ளதா என்பதையும் தெரிவித்து உதவுங்கள்.