புதுப்பிப்பு: கையேட்டில் "மேலே பார்க்க" சுட்டல்களை மாற்றியது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை எடைப் பதிவுக்கான தரவுத்தளக் கையேட்டில் "மேலே பார்க்க", "முன்பு சொன்னபடி" என்றே சுட்டல்கள் இருப்பதை இங்கு எழுதியிருந்தோம். பெரும்பகுதியை டாக்புக் (ஆவணங்களைக் குறிச்சொற்களோடு எழுதும் எக்ஸ்எம்எல் வடிவம்) முறைக்கு மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஐடி என்ற தனி அடையாளப் பெயர் கொடுத்து, அதைக் கொண்டே சுட்டுகிறோம்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் ஆவண வழக்கமே முன்மாதிரி. சுட்டும் பகுதியின் தலைப்பு அப்படியே வந்தால் போதும் என்றால், அதைத் தானே எடுத்துப் போடும் எக்ஸ்ரெஃப் குறிச்சொல். வேற்றுமை உருபு சேர வேண்டிய இடத்தில், நாமே சொல் எழுதும் லிங்க் குறிச்சொல். தமிழில் இந்த வேறுபாட்டை விடவே கூடாது. எக்ஸ்ரெஃபுக்குப் பின்னால் "இல்" போட்டால் "காப்பெடுத்தல்இல்" என்று அச்சாகும், படிக்கவே கஷ்டம்.

வொர்க்_மெம் (நினைவக அளவைக் குறிக்கும் தரவுத்தள அமைப்பு) போன்ற அமைப்புகளுக்கு, சுட்டலில் வர வேண்டிய பெயரைச் சொல்லும் எக்ஸ்ரெஃப்லேபல் கட்டாயம். இல்லையென்றால் பெயரோடு அடைப்புக்குறிக்குள் உள்ள தரவு வகையும் வாக்கியத்தில் வந்து விழும். தலைப்பும் லேபலும் இல்லாத இடத்தைச் சுட்டினால் மூன்று கேள்விக்குறிதான் மிஞ்சும்.

இல்லாத ஐடியைச் சுட்டினால், எக்ஸ்எம்எல்லின்ட் என்ற கருவியின் சரிபார்ப்பு பிடித்துவிடும். இருக்கிற ஐடியையே தப்பாகச் சுட்டியிருந்தால் பிடிக்காது. ஒவ்வொன்றாகச் சொடுக்கித்தான் பார்க்க வேண்டும். தலைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஐடியை மட்டும் தொடாதீர்கள். பக்கத்தின் கோப்புப் பெயரே அதிலிருந்துதான் வருகிறது.

கிராணிகளுக்கான (தோட்ட எழுத்தர்கள்) பிற்சேர்க்கைக்கு இன்னும் ஐடி போடவில்லை.