நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும், சொராரிட்டியில் (கல்லூரிப் பெண்கள் சங்கம்) சேரலாமா?

டல்லாஸ்_புதுசு:
வந்து நாலு வாரம்தான் ஆகிறது. ரூம்மேட் இழுத்துக்கொண்டு போனாள் என்று ரஷ்ஷுக்கு, அதாவது ஆள் சேர்க்கும் நிகழ்ச்சிக்குப் போனேன், இப்போது சேரச் சொல்லி அழைப்பு (பிட்) வந்துவிட்டது, நாளை மாலை 5 மணிக்குள் சொல்ல வேண்டுமாம். இங்கே வேலையெல்லாம் அலும்னி (பழைய உறுப்பினர்கள்) மூலமாகத்தான் என்கிறார்கள். செமஸ்டருக்கு 700 டாலர். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சேரலாமா?

பஃபலோ_பழசு:
வேண்டாம்மா. நான் 2009 ஜனவரியில் ஒரே ஒரு ஸ்வெட்டரோடு பஃபலோவில் இறங்கினேன். ஆறு பேர் ஒரே வீட்டில், ஒரு மூட்டை சோனா மசூரி, பனியில் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம். எனக்கு எந்த அலும்னி வந்தான்? முதலில் நல்ல கோட் வாங்கு.

காபி_டபரா:
டல்லாஸுக்கு எதற்கு அண்ணா கோட்? சேரட்டும். கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சொராரிட்டியில் சேர்ந்தவர்தானே, தேர்தலில் அந்தப் பெண்கள் எப்படி உழைத்தார்கள். அவர் அம்மா நம்ம ஊர்க்காரர் வேறு.

அரட்டை_மாமா:
அது கறுப்பினப் பெண்கள் 1908-ல் தொடங்கியது, உறவு ஆயுளுக்கும். எல்லாம் அப்படி இருக்காது. 2017-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரட்டர்னிட்டியில் (ஆண்களுக்கான இதே மாதிரி சங்கம்) சேரப் போன பையனைக் குடிக்க வைத்தார்கள், படியில் விழுந்து செத்தே போனான்.

பஃபலோ_பழசு:
நம்ம தமிழ்ச் சங்கம் மட்டும் என்ன? பொங்கல் டிக்கெட் விற்க நாலு தடவை போன் வரும், ரெஸ்யூமே அனுப்பினால் ஆளைக் காணோம்.

காபி_டபரா:
அந்தப் பொங்கலில் சர்க்கரைப் பொங்கலும் தீர்ந்துபோயிருக்கும்.

ஆடிட்_அக்கா:
சங்கக் கதை அப்புறம். பாப்பா, நீ என்ன படிக்கிறாய், இது எந்த வகை என்றே சொல்லவில்லையே. ஆல்ஃபா காப்பா சை, டெல்டா சிக்மா பை போன்றவை பிசினஸ் மாணவர்களுக்கானவை, ஆண் பெண் இருவரும் சேரலாம், ரெஸ்யூமே திருத்துவது, மாக் (ஒத்திகை) இன்டர்வியூ என்று வேலைக்கான பயிற்சியே நடக்கும். சோஷியல் சொராரிட்டி என்றால் முதலில் தோழிகள், வேலை அதற்கப்புறம்தான். அலும்னி ரெஃபர் பண்ணலாம், ஹெச்1பி வேலை விசா போடுவது கம்பெனி. போன இரண்டு வருடத்தில் எஃப்1 மாணவர் விசாவில் இருக்கும் பெண் யாராவது இவர்கள் மூலம் இன்டர்ன்ஷிப் வாங்கினாளா என்று கேள், இருந்தால் அவளிடமே பேசு. புது உறுப்பினர் கட்டணம் தனியா என்பதையும் கேட்டுவிடு.

டல்லாஸ்_புதுசு:
சாரி அக்கா. அக்கவுன்டிங், முதல் வருடம். சோஷியல்தான். இப்போதே கேட்டேன், எஃப்1 பெண்ணே யாரும் இல்லையாம். கட்டணமும் தனி, 350.

ஆடிட்_அக்கா:
தோழிகளுக்காக என்றால் சேர், வேலைக்காக என்றால் வேண்டாம். உன் கல்லூரியில் பீட்டா ஆல்ஃபா சை இருக்கிறதா பார். அக்கவுன்டிங், ஃபைனான்ஸ் ஆட்களுக்கானது, ஆடிட் கம்பெனிக்காரர்கள் கூட்டத்துக்கே வந்து பேசுவார்கள். உறுப்பினராக மேல் வகுப்புப் பாடமும் ஜிபிஏவும் (மதிப்பெண் சராசரி) வேண்டும், ஆனாலும் இப்போதே போய் முகம் காட்டு. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

டல்லாஸ்_புதுசு:
சரி அக்கா. ரஷ்ஷுக்குக் கட்டிய 60 டாலர் திரும்ப வருமா?

பஃபலோ_பழசு:
வராது.