‘அண்டர்கிரவுண்ட்’ படத்தில் பேண்டு வாத்தியம் யாருக்காக முழங்குகிறது?

பின்வரிசை:
எமிர் குஸ்துரிகாவின் ‘அண்டர்கிரவுண்ட்’ (1995) படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1941இல் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடின் மீது ஜெர்மானியர்கள் குண்டு வீசுகிறார்கள். மார்க்கோ என்பவன் தன் நண்பன் கறுப்பனையும் சுற்றத்தாரையும் ஒரு நிலவறையில் ஒளித்துவைக்கிறான். போர் முடிந்த பிறகும் முடியவில்லை என்று நம்பவைத்து, இருபது ஆண்டுகள் அவர்களை ஆயுதம் செய்யவைத்து, அவற்றை விற்றுக் கொழுக்கிறான். மேலே, டிட்டோவின் கம்யூனிச ஆட்சியில், அவன் கவிஞன், போராட்ட வீரன், பெரிய மனிதன்.

என் குறை இசையைப் பற்றியது. கோரன் பிரெகோவிச்சின் இசை தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே என் கால் தானாகத் தாளம் போடத் தொடங்கியது, அது எனக்குக் கூச்சத்தைத் தந்தது. யூகோஸ்லாவியா என்ற ஒரு நாடு சிதைந்ததைக் கல்யாண ஊர்வலம் போலக் காட்டினால், யார் கொன்றார், யார் செத்தார் என்ற கேள்வி அந்த முழக்கத்தில் அமுங்கிவிடாதா? படத்தின் கடைசிப் பகுதி, அந்த நாடு உடைந்தபோது மூண்ட 1992ஆம் ஆண்டுப் போரில் நிகழ்கிறது. அங்கே ஊர் எரிகிறது. யார் எரித்தார்கள் என்பது மட்டும் பார்வையாளருக்குத் தெரிவதேயில்லை.

ஊதுகொம்பு:
பின்வரிசை அவர்களே, உங்கள் கால் தாளம் போட்டது இயக்குநர் விரும்பியபடியே நடந்தது என்பது என் எண்ணம். முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். இரவு நேரம்; குதிரை வண்டியில் மார்க்கோவும் கறுப்பனும் குடித்துவிட்டுத் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டு போகிறார்கள். பின்னால் ஒரு பேண்டுக் குழு ஊதிக்கொண்டே மூச்சிரைக்க ஓடி வருகிறது. படம் முழுவதும் அந்தக் குழு அப்படித்தான் ஓடுகிறது. எதற்காக ஊதுகிறோம் என்று கேட்கும் உரிமை அதற்கு இல்லை.

தென் செர்பியாவின் பித்தளை வாத்தியக் குழுக்களில் பெரும்பாலானவை ரோமா (ஜிப்சி) மக்களுடையவை. திருமணம், இழவு, படைக்குச் செல்லும் இளைஞனை வழியனுப்பும் விருந்து என எல்லாவற்றுக்கும் கூலிக்கு வந்து வாசிப்பவர்கள் அவர்கள். ஒரே டிரம்பெட் பிள்ளை பிறந்தாலும் ஒலிக்கும், பிணம் போனாலும் ஒலிக்கும். ஆட்டுவிப்பவன் கையில் அந்த வாத்தியம் என்னவாகிறது என்பதையே படம் காட்டுகிறது. நிலவறையில் இருப்பவர்களின் அறிவை மழுங்கடிக்க மார்க்கோவிடம் உள்ள கருவிகள் மூன்று: வானொலிக்குப் பதிலாக ஒலிக்கும் பொய்யான போர் அறிவிப்புகள், பின்னோக்கித் தள்ளிவைக்கப்படும் கடிகாரம், நிற்காத இசை.

நாள்காட்டி:
இசையின் நோக்கம் பற்றிய உங்கள் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் சில தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொஸ்னியத் தலைநகர் சரயேவோவைப் பொஸ்னிய செர்புப் படை சூழ்ந்த முற்றுகை 1992 ஏப்ரலில் தொடங்கி 1996 பிப்ரவரி வரை நீடித்தது. 1995 மே 25 அன்று துஸ்லா நகரச் சதுக்கத்தில் பொஸ்னிய செர்புப் படையின் ஒரு குண்டு 71 பேரைக் கொன்றது; அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். மூன்று நாட்கள் கழித்து, மே 28 அன்று, கான் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்குத் தங்கப் பனை விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை. குஸ்துரிகா பிறந்த ஊர் சரயேவோ. செர்பியத் தலைநகரான பெல்கிரேடின் அரசுத் தொலைக்காட்சியோ தயாரிப்பில் பங்கேற்றது. ஒரு கலைஞன் எந்தக் கதையை எடுக்க வேண்டும் என்று நான் கட்டளையிடவில்லை. ஆனால் ஊர் எரியும் வேளையில் ‘நாம் எல்லோருமே பைத்தியங்கள்’ என்று சொல்வது, தீ வைத்தவனுக்கு வசதியான வாக்குமூலம்.

படத்தில் கலந்திருக்கும் பழைய செய்திப்படத் துண்டுகளையும் கவனியுங்கள். ஜெர்மானியப் படை ஸ்லோவேனியாவின் மாரிபோருக்குள்ளும் குரோவாசியாவின் சாக்ரெபுக்குள்ளும் நுழையும்போது மக்கள் ஆரவாரம் செய்து வரவேற்கிறார்கள். பெல்கிரேடிலோ இடிபாடுகள் மட்டுமே. பின்னணியில் ஜெர்மானியப் படைவீரர்கள் விரும்பிய ‘லிலி மார்லீன்’ பாடல். காட்டப்படுபவை பொய்யல்ல. ஆனால் ஸ்லோவேனியரும் குரோவாசியரும் வரவேற்றார்கள், செர்பியர் செத்தார்கள் என்ற வரிசையை 1990களில் அடுக்கிவைப்பது வெறும் அழகியல் முடிவாக இருக்க முடியாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் அலன் ஃபின்கெல்க்ரோ ‘லெ மோந்த்’ நாளிதழில் இந்தப் படத்தைச் செர்பியப் பிரச்சாரம் என்று கண்டித்தார்.

ஊதுகொம்பு:
அந்தக் கட்டுரையை எழுதியபோது ஃபின்கெல்க்ரோ படத்தைப் பார்த்திருக்கவில்லை என்பதையும் நாள்காட்டி குறித்திருக்கலாம்!

செய்திப்படத் துண்டுகளைப் பற்றிய குற்றச்சாட்டை நான் முழுமையாக மறுக்கப் போவதில்லை. அந்த இடத்தில் எனக்கும் நெருடல் உண்டு. ஆனால் மார்க்கோ யார்? குரோவாசியனும் அல்லன், பொஸ்னிய முஸ்லிமும் அல்லன், பெல்கிரேடுக்காரன். நண்பனை ஏமாற்றுபவனும், ஆயுதம் விற்பவனும், பொய்யான வீர வரலாற்றைப் படமாக எடுக்கவைப்பவனும் அவனே. செர்பியப் பெருமைக்குப் பிரச்சாரம் செய்ய வந்தவர் இப்படியா ஒரு நாயகனை வைப்பார்?

கறுப்பன் தன் மகன் யோவானுடன் நிலவறையிலிருந்து வெளியே வரும் பகுதியையும் பாருங்கள். வெளியுலகையே கண்டிராத அந்தப் பையன், நிலவைப் பார்த்துச் சூரியன் என்கிறான். தந்தையோ, மார்க்கோவின் நினைவுக் குறிப்பை வைத்து எடுக்கப்படும் திரைப்படத்தின் படப்பிடிப்புத் தளத்தில் நுழைந்து, ஜெர்மானிய அதிகாரியாக நடிப்பவனை உண்மையான எதிரி என்று நம்பிச் சுட்டுக் கொல்கிறான். அரசு ஆதரவோடு யூகோஸ்லாவியாவில் எடுக்கப்பட்ட பார்ட்டிசான் (நாஜிகளை எதிர்த்த கொரில்லா வீரர்கள்) போர்ப் படங்களின் மீது இதைவிடக் கூர்மையான கிண்டலை நான் கண்டதில்லை.

கொட்டகை:
இடையில் ஒரு சொல். திரையரங்குப் பதிப்பு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தொலைக்காட்சிப் பதிப்பு ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். நம்மில் யார் எதைப் பார்த்தோம் என்று சொல்லிவிட்டு வாதாடினால் நலம். நான் பார்த்தது குறுகியது.

பின்வரிசை:
நானும் குறுகியதையே பார்த்தேன்.

ஊதுகொம்பு அவர்களின் யோவான் எடுத்துக்காட்டை ஏற்கிறேன். கிண்டல் அங்கே குறி தவறவில்லை. ஆனால் அது டிட்டோ காலத்துப் பொய்யின் மீதான கிண்டல். 1980இல் இறந்துபோன ஒருவரின் ஆட்சியைக் கேலி செய்ய 1995இல் பெரிய துணிவு தேவைப்பட்டிருக்காது. அதே கூர்மை 1992க்கு வந்ததும் மழுங்கிப்போகிறது. மார்க்கோவும் அவன் மனைவி நதாலியாவும் எரிந்துகொண்டே, தலைகீழாகத் தொங்கும் சிலுவையைச் சக்கர நாற்காலியில் சுற்றிச் சுற்றி வரும் காட்சி என் தூக்கத்தைக் கெடுத்தது என்பது உண்மைதான். இருந்தும், அங்கே அண்ணன் தம்பிச் சண்டை என்ற பழங்கதை மட்டுமே மிஞ்சுகிறது. தம்பி இவான் அண்ணன் மார்க்கோவைக் கைத்தடியால் அடிக்கிறான்; கறுப்பன் யாரென்று அறியாமலே நண்பனைச் சுடச் சொல்கிறான். முற்றுகையிட்டவன், முற்றுகைக்கு உள்ளே இருந்தவன் என்ற வேறுபாடு எங்கே போயிற்று?

நாள்காட்டி:
கடைசிக் காட்சியில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இறந்தவர்கள் எல்லோரும் டான்யூப் கரையில் ஒரு கல்யாண விருந்தில் கூடுகிறார்கள். கறுப்பன் மார்க்கோவிடம், மன்னிக்க முடியும், மறக்க முடியாது என்கிறான். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் யாவரும் ஒருவருக்கொருவர் உறவினரோ நண்பரோதான். பெயர் தெரியாமல் 1992இல் செத்தவர்களுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை. மன்னிக்கும் உரிமை அவர்களுடையது அல்லவா?

ஊதுகொம்பு:
இதற்கு என்னிடம் உடனடி விடை இல்லை. நாற்காலி பற்றிய கேள்வி நியாயமானது. இத்தனை முறை பார்த்தும் எனக்குத் தோன்றாதது.

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தக் கடைசிக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். இசையோடு பார்த்தபோது என் கண் ஆட்டத்திலேயே இருந்தது. ஒலி இல்லாமல் பார்த்தபோது, தரையில் விழும் விரிசலைத்தான் முதலில் பார்த்தேன். அந்த நிலத்துண்டு கரையை விட்டு விலகி ஆற்றோடு மிதக்கத் தொடங்கிவிட்டது. ஆடுபவர்கள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். பேண்டுக்காரர்களும் அந்தத் துண்டின் மேலேயேதான் நிற்கிறார்கள். கன்னம் உப்ப ஊதுகிறார்கள், இம்முறை எனக்குக் கேட்கவில்லை.