பெங்களூரிலிருந்து மலை ரயில்: அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல எது சரியான வழி?

அல்சூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மே மாத விடுமுறையில் 72 வயதான என் அம்மா, மனைவி, ஆறும் பத்தும் வயதான பிள்ளைகள் ஆகியோருடன் நீலகிரி மலை ரயிலில் பயணம் செய்ய விரும்புகிறேன். மைசூர், பந்திப்பூர் வழியாகக் காரில் உதகைக்குச் சென்று, அங்கிருந்து குன்னூர் வரை ரயிலில் போய்த் திரும்பலாம் என்று நினைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு நீராவி எஞ்சினைக் காட்டுவதே முதல் நோக்கம். இந்தத் திட்டம் சரிதானா?

கே.ஆர்.புரம் பயணி:
ஐயா, நீராவி எஞ்சின்தான் நோக்கம் என்றால் இந்தத் திட்டம் உதவாது. உதகைக்கும் குன்னூருக்கும் இடையே ஓடுவது டீசல் எஞ்சின். இதை அறியாமல் போய்வந்து, நீராவி ரயிலில் ஏறிவிட்டதாகச் சொல்பவர்கள் எங்கள் அடுக்ககத்திலேயே இருவர் இருக்கிறார்கள்! நீராவி எஞ்சினைக் காண மேட்டுப்பாளையத்தில்தான் ஏற வேண்டும். கல்லாறைத் தாண்டியதும் சுமார் 12 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் பாதை ஏறுவதால், வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய சட்டத்தைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். குன்னூர் வரையிலான பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல்தான் உதகையை எட்டியது. எஞ்சின் தண்ணீர் பிடிக்க வழியில் வண்டி நிற்கும்போது, பிள்ளைகளை இறக்கி அருகிலிருந்து காட்டலாம்.

ஜெயநகர் இல்லத்தரசி:
சகோதரர் அம்மாவின் வசதியையும் யோசிக்க வேண்டும். 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. நாங்கள் சென்ற பெட்டியில் கழிவறை இல்லை, இருக்கைகளும் நெருக்கமாகவே இருந்தன. என் மாமியாரோடு சென்றபோது குன்னூரிலேயே இறங்கி, மீதித் தொலைவை டாக்சியில் கடந்தோம். நீராவி எஞ்சின் அங்கேயே கழன்றுவிடுவதால் பிள்ளைகளுக்கும் இழப்பில்லை. வண்டி காலை ஏழு மணியளவில் புறப்படுவதால், முந்தின இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுங்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். கோடைக்காலத்தில் அன்று காலையே உட்கார்ந்துவிட வேண்டும்.

அல்சூர்வாசி:
இருவருக்கும் நன்றி. காரை விட்டுவிட்டு, கோயம்புத்தூர் வரை ரயிலில் வந்து, குன்னூரில் இறங்கிவிடுகிறோம். அம்மா சிறுமியாக இருந்தபோது இதே ரயிலில் சென்றவர். கண்ணில் கரி விழுமே என்பது ஒன்றுதான் அவருடைய கவலை.

கே.ஆர்.புரம் பயணி:
பெரும்பாலான எஞ்சின்கள் இப்போது நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிவிட்டன. மேலும், பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடாதபடி எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். அதாவது ஏறும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்பெட்டியில் இடம் கிடைத்தால் புகை அம்மாவை அதிகம் எட்டாது. ஆனால் பிள்ளைகள் கடைசிப் பெட்டியைத்தான் கேட்பார்கள்.