பிளைட்டி (Blighty) என்ற சொல்லை நீங்கள் எங்கே கேட்டீர்கள்?

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று, 90 வயது தாண்டிய தாத்தா ஒருவர், "பிளைட்டிக்கு வந்து சேர்ந்தாச்சா?" என்று கேட்டார். நாங்கள் நெல் போடுகிற குடும்பம். பிளைட் (blight) என்றால் எனக்கு இலைக்கருகல் நோய்தான். அதைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுத் தன் அப்பா கதையைத் தொடங்கினார்.

அப்பா முதல் உலகப் போரில் பிரான்ஸில் பதுங்குகுழியில் இருந்தவர். முழங்காலுக்குக் கீழே குண்டுச் சிதறல் பாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள், "உனக்குப் பிளைட்டி கிடைத்துவிட்டது" என்று கையைப் பிடித்து வாழ்த்தினார்களாம். உயிர் போகாது, ஆனால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியே ஆகவேண்டும். அப்படிப்பட்ட காயத்துக்கு அந்தப் பெயர். தாத்தா போர்வைக்கு மேலேயே தன் காலில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். குண்டடி பட்டவனை வாழ்த்துகிற அளவுக்கு அந்தக் குழிக்குள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. அது ராணுவ நீதிமன்றம் வரை போகும் குற்றம்.

மற்றபடி பிளைட்டி என்றால் இங்கிலாந்து. அரபியில் விலாயா என்றால் ஆட்சிப் பகுதி. உருதுவில் விலாயத் வெளிநாடாகி, அப்புறம் இங்கிலாந்தையே குறித்தது. விலாயத்தைச் சேர்ந்தது விலாயத்தி, பேச்சில் பிலாயத்தி. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வாயில் பிளைட்டி. நம் நாட்டில் அந்நிய தேசத்துக்கு வைத்த பெயரை அவர்கள் 'நம்ம ஊர்' என்று சொல்ல எடுத்துக்கொண்டார்கள். 1914-18 போரில் அது எல்லோர் வாய்க்கும் போய்விட்டது.

*

நான் டெல்லியில் இருந்தபோது ரிட்ஜ் காட்டில் ஒரு முள்மரத்தை விலாயத்தி கீக்கர் என்றார்கள். கீக்கர் என்றால் கருவேலம். கிட்டே போய்க் காயைப் பார்த்தால் நம்ம சீமைக் கருவேலமேதான்! மரம் வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து; பெயர் மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுபோல. சீமையும் முதலில் சிவகங்கைச் சீமை மாதிரி ஒரு பகுதிதானே, பிறகுதான் இங்கிலாந்து. என் பாட்டி மண்ணெண்ணெயைக் கடைசிவரை சீமெண்ணெய் என்றுதான் சொன்னார்.

*

இங்கிலாந்தில் கடலோர ஊரான பிரைட்டனில் இருக்கும் அரண்மனைக்குப் போயிருக்கிறேன். 1914 கடைசியில் அதைக் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனை ஆக்கினார்கள். வெள்ளைச் சிப்பாய்க்குப் பிளைட்டியாக இருந்த நாடு அவர்களுக்கு விலாயத்தாகவே இருந்தது. உடம்பு தேறியதும் பலரை மறுபடி பிரான்ஸ் போர்முனைக்கே அனுப்பினார்கள். அந்த வருத்தம் அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இருக்கிறது.